மோட்டார் தேவசிகாமணி வடிகட்டிய பெட்ரோல்

பாளையங்கோட்டையில் மோட்டார் தேவசிகாமணி வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரின் மூத்த மகன். அப்பாவைப் போல அவரும் பிரம்பும் புத்தகமுமாக இருப்பார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவரோ பதினேழு வயதில் தூத்துக்குடிக்குப் போய் ஒரு பஞ்சாலையின் என்ஜின் அறையில் சேர்ந்துகொண்டார். ஆறு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது, ஒரு என்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லக்கூடியவராக இருந்தார்.

1911-இல் திருநெல்வேலி டவுணைச் சேர்ந்த மிராசுதார் சிவசண்முகம் பிள்ளை ஒரு மோட்டார் கார் வாங்கினார். அதை ஓட்டவும் பராமரிக்கவும் தேவசிகாமணியை வைத்துக்கொண்டார். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் கார் ஏரல் ரஸ்தாவில் நடுவழியில் நின்றுவிட்டது. என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த பெட்ரோல் டின்னுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. பிள்ளைவாள் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து ஊர் சேர்ந்தார். அன்றைக்கு வாங்கிய ஏச்சுக்குப் பிறகு, தேவசிகாமணி ஒரு சொட்டுப் பெட்ரோலைக் கூட வடிகட்டாமல் ஊற்றியதில்லை. மெல்லிய பதமான தோல் ஒன்றைப் புனலில் விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவார். பெட்ரோலில் நனைந்த தோல் பெட்ரோலைக் கீழே விடும். தண்ணீர் மட்டும் மேலேயே முத்து முத்தாக நின்றுவிடும்.

அந்தக் காரின் மேல்கூடாரம் கிழிந்தபோது அதைத் தைக்க மேலப்பாளையத்திலிருந்து வந்தவர்தான் காஜா முகைதீன். தையல்காரர். தேவசிகாமணியைவிட இரண்டு வயது இளையவர். கெட்டித் துணியில் அவர் போடும் தையல் எறும்பு வரிசை மாதிரி ஒரே சீராகப் போகும். தைத்து முடித்ததும் துணியைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பார். அன்றைக்கு ஆரம்பித்த சினேகம் ஆறு வருஷம் ஓடியது.

1917-இல், ஐரோப்பாவில் சண்டை முற்றிக் கிடந்த நேரம், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் திருநெல்வேலிக்கு வந்தார்கள். ஏரோப்ளேன் முகாமுக்கு மோட்டார் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள். தையல்காரர்களும் வேண்டும் என்றார்கள். தேவசிகாமணி நேராக மேலப்பாளையம் போனார்.

“ஏரோப்ளேனுக்குத் தையக்காரன் எதுக்குவே? சட்டை போடுமா அது?” என்று சிரித்தார் காஜா.

“இறக்கை பூரா துணிதான்வே. துணியைத் தச்சு, மேல வார்னிஷ் அடிச்சுத்தான் பறக்க விடுதாங்க. உம்ம கைக்கு அதைவிட நல்ல வேலை எங்கன கிடைக்கும்?”

“அந்தத் துணியை நம்பி மனுசன் ஏறிப் போகுதானா?”

“போகுதான்.”

காஜா கொஞ்ச நேரம் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வாரேன்வே” என்றார். அவருக்குக் கலியாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவி ஜமீலா பீவி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரையும் வடமேற்கு எல்லையில் குவெட்டாவுக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். ஆறு ஏரோப்ளேன்கள், இரண்டு கொட்டகைகள், ஒரு கொல்லுப்பட்டறை. ஊரில் மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டிப்போகும். தேவசிகாமணி அறிந்திருந்த குளிரின் எல்லை அதுதான். இங்கே முகம் கழுவ வைத்த தண்ணீர் காலையில் கல்லாகக் கிடந்தது. காஜா அந்தக் கல்லை வாளியிலிருந்து கவிழ்த்து எடுத்து, வெயிலில் பிடித்து, “சுபுஹானல்லாஹ், கண்ணாடில்லா இது!” என்று கத்தினார்.

முகாமில் பெட்ரோல் முழுவதும் தேவசிகாமணியின் பொறுப்பு. டின்னைத் திறப்பதும், தோலில் வடிப்பதும், ஏரோப்ளேனின் டாங்கியில் நிரப்புவதும் அவர்தான். தை மாதம் பிறந்ததும் குளிர் இன்னும் இறுகியது. முற்றத்தில் அடுக்கியிருந்த டின்களைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோல் உரிந்தது. வடிகட்டும் தோலும் அட்டை மாதிரி விறைத்துப் போனது. ஒரு டின் வடிய அரை மணி நேரம் பிடித்தது. அதுவரை ஓட்டுகிற துரைமார்கள் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

தேவசிகாமணி ஒரு யோசனை செய்தார். கொல்லுப்பட்டறை உலையின் சுவருக்குப் பின்புறம் ஓர் அறை உண்டு. நெருப்புக்கும் அறைக்கும் நடுவே கனத்த கல்சுவர் இருந்ததால் பயமில்லை. ஆனால் அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். காஜா அங்கேதான் உட்கார்ந்து தைப்பார். பட்டறை உலையில் கொதித்த வெந்நீரை வாளியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அந்த ஆவியில் துணியைப் பதப்படுத்துவார். தேவசிகாமணி டின்களை அந்த அறைக்குள் கொண்டுபோய் அடுக்கினார். அங்கேயே திறந்து, அங்கேயே வடிகட்டினார். கை வலிக்கவில்லை. தோல் விறைக்கவில்லை. பெட்ரோல் தண்ணீர் போல இறங்கியது. பட்டறையின் தலைமைத் துரை வந்து பார்த்துவிட்டு, “நல்ல வேலை” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

பத்து நாள் கழிந்தது.

ஹார்க்கர் துரை என்று ஓர் இளம் விமானி. அவருடைய ஏரோப்ளேனின் வலது கீழ் இறக்கையில் காஜா ஓர் ஒட்டுப் போட்டிருந்தார். மேலே போகும்போது அந்த இடத்தில் துணி படபடவென்று அடிக்கிறது என்றார் ஹார்க்கர். எந்த இடத்தில் என்று தரையில் நின்று காட்ட முடியவில்லை. “நீயே வந்து பார்” என்று காஜாவைக் கூப்பிட்டார். முன் இருக்கை அன்றைக்குக் காலியாக இருந்தது.

காஜா ஓடி வந்தார். “வே, என்னைக் கூட்டிட்டுப் போகுதாராம்வே! மேல!”

“பயமா இல்லையாலே?”

“நான் தச்சதுதானே.”

தேவசிகாமணி தம்முடைய கம்பளி மப்ளரை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினார். பிறகு டாங்கியை நிரப்பினார். அந்தப் பெட்ரோலை அன்றைக்கு இரண்டு தடவை வடிகட்டினார். காஜா போகிறார் என்பதற்காகவே இரண்டாவது தடவை.

ஏரோப்ளேன் கிளம்பி மலைக்கு மேலே ஏறியது. கால் மணி நேரம் இரைச்சல் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. தேவசிகாமணி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தச் சத்தம் ஒரு தடவை இருமியது. மறுபடியும் இருமியது. பிறகு நின்றுபோனது.

என்ஜின் நின்றபின் ஆகாயத்தில் இருந்த அந்த அமைதியைப் பற்றித்தான் பிற்காலத்தில் அவரால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. ஏரோப்ளேன் விழவில்லை, பருந்து மாதிரி சறுக்கிக்கொண்டு முகாமை நோக்கி வந்தது. வந்துவிடும், வந்துவிடும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். முகாமுக்கு முக்கால் மைல் முன்னால், வறண்ட ஓடையின் கல்மேட்டில் அதன் மூக்கு மோதியது.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஹார்க்கர் துரை இரண்டு காலும் ஒடிந்து அலறிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் காஜா அலறவில்லை. மப்ளர் கழுத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. தேவசிகாமணி, “காஜா, பைய எழுந்திரு, பைய” என்று சொல்லி அவரைத் தூக்கப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வந்து அவருடைய கைகளை விலக்கினார்கள்.

பெட்ரோல் வராமல் என்ஜின் நின்றது என்று ஹார்க்கர் துரை ஆஸ்பத்திரியில் சொன்னார். நண்பகல் வெயிலில் தேவசிகாமணியே உடைந்த ஏரோப்ளேனில் கை விட்டு, பெட்ரோல் குழாயில் இருந்த கம்பிவலைச் சல்லடையைக் கழற்றினார். வலை சுத்தமாக இருந்தது. அடியில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர். அவ்வளவுதான். டாங்கியின் மூடி வழியாகப் பனி இறங்கியிருக்கும் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மூடியை இறுக்கியது தேவசிகாமணி. அது இறுக்கமாகத்தான் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

காஜாவை அங்கேயே மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். முகாமில் இருந்த பஞ்சாபி முஸ்லிம்கள் தொழுகை நடத்தினார்கள். தேவசிகாமணி தள்ளி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், வேறொரு ஏரோப்ளேனைத் தரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் என்ஜின் அதே மாதிரி இருமியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தேவசிகாமணி பாய்ந்து போய் என்ஜினை நிறுத்தச் சொல்லி, உடனே சல்லடையைக் கழற்றினார். கம்பிவலை முழுவதும் பொடி உப்பு அப்பியது போல வெள்ளையாக இருந்தது. விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி ஒரே ஒரு சொட்டுத் தண்ணீராக நின்றது.

பனிக்கட்டி. அவர் கையால் வடிகட்டிய பெட்ரோலுக்குள்.

மறுநாள் பொழுது விடியும் வேளையில் வெதுவெதுப்பான அறையில் ஒரு டின்னைத் திறந்து, தோலில் இரண்டு தடவை வடித்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. போத்தலை வெளியே பனியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போத்தலுக்குள் புகை படர்ந்தது போல மங்கியது. பிறகு அந்த மங்கலுக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் பனிக்கட்டி பிறந்து, மினுமினுத்துக்கொண்டு மெள்ளக் கீழே இறங்கியது.

எங்கிருந்தும் தண்ணீர் புகவில்லை. அது முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது.

அடுத்து, ராத்திரி முழுவதும் முற்றத்துப் பனியில் கிடந்த ஒரு டின்னை எடுத்து வந்தார். விறைத்த தோலில், விரல் மரத்துப்போகும் வரை, வெட்டவெளியிலேயே வடித்தார். தோலின் மேல் வெள்ளைப் பொடி தங்கியது. கீழே இறங்கிய பெட்ரோலை இன்னொரு போத்தலில் நிரப்பிப் பனியில் வைத்தார். ஒரு மணி நேரமாகியும் அது மங்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு முழுவதும் விளங்கியது. வெதுவெதுப்பில் பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்கிறது. சொட்டாக நிற்கும் தண்ணீரைத்தான் தோல் நிறுத்தும். கரைந்ததை அது அறியாது. மேலே, மலைக்கும் மேலே, கடுங்குளிரில் பெட்ரோல் அந்தத் தண்ணீரைக் கக்குகிறது. கக்கியது பனிக்கட்டியாகிச் சல்லடையை அடைக்கிறது. குளிரிலேயே வைத்து, குளிரிலேயே வடித்திருந்தால் அது தோலோடு நின்றிருக்கும். டின்களை உள்ளே கொண்டுபோனது அவர். காஜாவுக்காக இரண்டாம் தடவை வடித்ததும் அந்த அறையில்தான். ஆவி பறக்கும் வெந்நீருக்குப் பக்கத்தில்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. யாரோ வந்து எழுப்பியபோது கால்சட்டை பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டு தலைமைத் துரையிடம் போனார். தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். துரை இரண்டு போத்தல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டின்களை உள்ளே வைக்கச் சொன்னது யார்?”

“நான்தான், சார்.”

துரையின் முகம் வெளுத்தது. “நானும் பார்த்தேன். நல்ல வேலை என்றேன்” என்றார்.

அன்று சாயங்காலமே உத்தரவு மாறியது. டின்கள் முற்றத்துக்கு வந்தன. வடிப்பது விடியற்காலைக் குளிரில், வெளியில். பறந்து வந்த ஏரோப்ளேனின் டாங்கியை உடனே கழுத்து வரை நிரப்பிவிட வேண்டும். பாதி வெறுமையாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து இறங்கிவிடும். பறக்கும் முன்னால் டாங்கியின் அடியிலிருந்து ஒரு கிண்ணம் பிடித்துப் பார்த்துக் கொட்டிவிட வேண்டும். அந்தக் குளிர்காலம் முடியும் வரை வேறெந்த என்ஜினும் நிற்கவில்லை. தேவசிகாமணி விடிவதற்கு முன்னே எழுந்து, டின்னைத் தொட்டுத் தொட்டு விரல் உரிய வடித்தார். கையுறை கொடுத்தும் போட்டுக்கொள்ளவில்லை.

1919 வைகாசியில் ஊர் திரும்பினார். மனைவி சாலோமி ரயிலடியில் அவரைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். வீட்டில் சாப்பாடு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்ன ஆச்சுங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன்.”

“நாளைக்கு மேலப்பாளையம் போகணும்” என்றார்.

ஜமீலா பீவியின் மாமனார், காஜாவின் வாப்பா, அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் ஜமீலா நிற்பது தெரிந்தது. தேவசிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். கொல்லுப்பட்டறை அறை, டின், தோல், போத்தலுக்குள் இறங்கிய ஊசிகள். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அல்லா நாடினான், போயிட்டாருன்னு ஒன்னரை வருசமா மனசைத் தேத்தி வச்சிருந்தேன் அண்ணாச்சி. இப்ப நீங்க வந்து, இல்ல, நான்தான்னு சொல்லுதீய. உங்க பாரத்தை எறக்கி வைக்க என் வீட்டு வாசலா கிடைச்சுது?”

“அம்மா...” என்று அவர் ஆரம்பித்தார்.

“போயிருங்க.”

அவர் எழுந்தார். வாசலைத் தாண்டும்போது மறுபடியும் அந்தக் குரல், இந்தத் தடவை கீழ் ஸ்தாயியில்: “நில்லுங்க. துணி கிழியலையா?”

“எந்தத் துணிம்மா?”

“இறக்கைத் துணி. இவரு போட்ட தையல் பிரிஞ்சுதான் ஏரோப்ளேன் விழுந்துச்சுன்னு ஊரெல்லாம் பேசுதாங்க. இங்கிலீஷ்ல வந்த கடிதாசியைத் தபாலாபீசுல யாரோ வாசிச்சுச் சொன்னாங்க, ஏரோப்ளேன் பழுதாயிட்டுன்னு. அது கை மாறி, வாய் மாறி, தையக்காரன் சரியாத் தைக்கலைன்னு ஆயிட்டு. தானும் செத்து, ஒரு வெள்ளைக்காரன் காலையும் ஒடிச்சுட்டான்னு எங்க மாமா காதுபடச் சொல்லுதாங்க. அவரு பள்ளிவாசலுக்குப் போறதையே விட்டுட்டாரு.”

தேவசிகாமணி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. பெட்ரோல் வடித்தவன் சுகமாக ஊர் திரும்பியிருக்கிறான். தைத்தவன் மண்ணுக்குள் கிடந்து பழி சுமக்கிறான்.

“ஒரு நூல் பிரியலைம்மா” என்றார். “மூக்கு நொறுங்கிப் போச்சு. மரச்சட்டம் ஒடிஞ்சு போச்சு. அந்த ஒட்டு மட்டும் அப்படியே இருந்துது. நான் தொட்டுப் பாத்தேன்.”

ஜமீலா சொன்னாள்: “அப்ப இதை என்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பொறவு ஜமாஅத்துல வந்து சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லணும். உங்க பங்கையும் சேத்து.”

வெள்ளிக்கிழமை அவர் போனார். சாலோமியிடம் அதற்கு முந்தின நாள்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் அழுதாள், போகாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடி நின்றார்கள். இருநூறு பேர் இருப்பார்கள். காஜாவின் வாப்பா பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக அன்று வந்திருந்தார். வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு நின்ற பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வேதக்காரரை எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள்.

“நான் தேவசிகாமணி. காஜாவைப் பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போனவன் நான்தான்” என்று ஆரம்பித்தார். “அவரு தச்ச தையல் பிரியலை. நான் ஊத்துன பெட்ரோல்ல இருந்த தண்ணி குளிருல உறைஞ்சு குழாயை அடைச்சுது. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். தப்பாப் போச்சு. அதனாலதான் என்ஜின் நின்னுது. வேற காரணம் இல்ல. தையல் தாங்கி நின்னதாலதான் ஏரோப்ளேன் நடுவானத்துல சிதறாம முகாம் பக்கம் வரைக்கும் வந்துது. அந்தத் துரை உயிரோட இருக்காருன்னா அது காஜா கையால.”

முன்வரிசையில் ஒருவர், தபாலாபீஸ் கடிதத்தைப் பற்றி எல்லோருக்கும் சொன்னவராக இருக்கலாம், தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். “உம்மைப் பட்டாளத்துல தண்டிக்கலையாவே?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு வே இங்கன வந்து சொல்லுதீரு?”

“கேட்டாங்க. வந்தேன்” என்றார் தேவசிகாமணி.

காஜாவின் வாப்பா முன்னால் வந்தார். அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவருடைய வலது கையைப் பிடித்து, தோலுரிந்து காய்த்துப் போயிருந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து ஜமீலா ஒரு பெண்பிள்ளை மூலம் சொல்லியனுப்பினாள். ‘உங்க மேல எனக்கு வழக்கு இல்ல. ஆனா இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். உங்க குரலைக் கேட்டா அந்த என்ஜின் சத்தம் நிக்கிறதுதான் எனக்குக் கேக்குது.’

அவர் பாளையங்கால் வாய்க்கால் கரையோடு நடந்து வீடு வந்தார். அதன் பிறகு ஒருபோதும் மேலப்பாளையத்துக்குப் போகவில்லை. சிவசண்முகம் பிள்ளையின் காரை மறுபடியும் ஓட்டினார். அந்தக் கார் அதற்குப் பின் எந்த மழையிலும் நடுவழியில் நின்றதில்லை. அதைச் சொல்லி யாராவது பாராட்டினால் எழுந்து போய்விடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குள் வந்தபோது மத்தியானம் மூன்று மணி. சாலோமி சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“மனசு கொஞ்சமாவது ஆறிச்சா?”

“ஆறலை” என்றார். “ஆனா பசிக்கி.”

சாலோமி இலையை விரித்தாள்.